மூன்று பத்துக்கு ஒரு பள்ளம்

எல்கொய்பாரில் மழை,
நனைக்காத மாதிரியே நனைத்துக்கொண்டிருந்தது.
தேபா ஆற்றின் இக்கரையில் எங்கள் பட்டறை.
ஐந்து அச்சு எந்திரத்துக்குள் ஒரு நிக்கல் கலவைத் தட்டு,
ஏதோ விமானத்தின் வயிற்றுக்குப் போக வேண்டியது.
விலை கேட்டால் லாண்டர் தன் காரைக் காட்டுவான்,
"அது மாதிரி மூன்று" என்பான்.

சுழல்தண்டின் கழுத்தில் ஒட்டிய உணரி
சுண்டுவிரல் நகத்தளவு.
நொடிக்குப் பல ஆயிரம் முறை கேட்கும்.
கத்தி அதிரத் தொடங்கினால்
நம் காதுக்கு அது சத்தமாகும் முன்பே
ஊட்டு வேகத்தைத் தளர்த்திவிடும்.
நூறு, எண்பத்தேழு, தொண்ணூற்றொன்று, நூறு.
யாரும் பொத்தானைத் தொடுவதில்லை.
லாண்டர் சாண்ட்விச் தின்கிறான்.

கோளாறு இதுதான்:
இரவு மூன்று பத்துக்குத் தினமும் ஒரு பள்ளம்.
கத்தி புதிது. தாங்கி சரி. குளிர்திரவம் சரி.
தட்டைக் கழற்றி வெறும் காற்றில் ஓடவிட்டோம்,
வெட்ட ஒன்றுமே இல்லை.
அப்போதும் மூன்று பத்துக்குத் தயங்கியது,
நாலு நொடிக்கு ஒரு தரம்,
இருட்டில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

கதவைத் திறந்தேன்.
அக்கரையில் சம்மட்டிப் பட்டறை.
மின்சாரம் மலிவான நேரம் பார்த்துப்
பெரிய சம்மட்டியை இறக்குகிறார்கள்.
இரவில் அதை இயக்குபவன் என் தம்பி ஒயெர்.
அப்பாவின் வீட்டை விற்ற நாளிலிருந்து பேச்சில்லை,
ஆறு வருடம்.
பாலம் இருநூறு தப்படி.

அவன் அடித்தது
ஆற்றுக்கடியில் பாறை வழியே வந்து
அஸ்திவாரம் ஏறி
என் எந்திரத்தின் கையைப் பிடித்திருக்கிறது.

தீர்வு எளிது. வடிகட்டி ஒன்று எழுதினேன்,
பதினொரு வரி:
இந்தத் தாளம் வெட்டுவதால் வருவதல்ல,
கேட்டும் கேளாதிரு.
மறுநாள் இரவு எண் நூறிலேயே நின்றது.
லாண்டர் கட்டைவிரலை உயர்த்தினான்.

வடிகட்டாத பதிவும் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டேயிருக்கும்.
யாரும் திறப்பதில்லை.
நான் திறப்பேன்.
செவ்வாய், புதன், வியாழன்,
நாலு நொடிக்கு ஒரு முகடு.
அவசரப்படமாட்டான், சின்ன வயதிலிருந்தே.

வெள்ளி. மூன்று பத்து. கோடு தட்டை.
மூன்று இருபது. தட்டை.
விடுப்பாக இருக்கும். உலை பழுதாகியிருக்கும்.
மூன்று முப்பதுக்கு மழைச்சட்டையைத் தேடினேன்.
"எங்கே, எனெரிட்ஸ்? வேலை ஓடிக்கொண்டிருக்கிறதே."
அது பாட்டுக்கு ஓடியது,
நூறில்,
ஒன்றும் கேட்காமல்.