இடது கீழ் மூலை

நாற்பத்தேழு வயதில் எனக்கே நான் வாங்கிக்கொண்ட பரிசு:
பன்னிரண்டு பழைய விளையாட்டுகள், ஒரே தொகுப்பு,
தள்ளுபடியில் நானூற்றுச் சொச்சம் ராண்ட்.
பட்டியலில் ஒன்பதாவதாக நின்றான் வாளித்தலையன்.

அவனுக்கு முறையான பெயர் ஒன்று இருந்திருக்கிறது.
இப்போதுதான் தெரியும்.
அன்று பெட்டியின் நெற்றியில் ஜப்பானிய எழுத்து,
சனிக்கிழமை வகுப்புக் கரும்பலகையில் தமிழ் எழுத்து.
இரண்டும் எனக்குப் படங்கள்தான்.
ஒன்றை மட்டும் பின்னால் கற்றுக்கொண்டேன்.

சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்.
ரெங்கன் அங்கிள் டீரூமில்
ரொட்டித் தட்டுக்கும் பாரஃபின் பீப்பாய்க்கும் இடையே
முதுகைச் சுவரில் சாய்த்து நிற்கும் பெட்டி.
கண்ணாடியெல்லாம் மட்டன் பன்னி தின்ற விரல்களின் எண்ணெய்.
எந்தத் தடம் யாருடையதென்று குபேன் சொல்லிவிடுவான்.
இருபது சதத்துக்கு மூன்று உயிர்.
அதே இருபது சதம் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும்.
நான் நடந்தேன்.
ஐந்தாம் ஸ்டாண்டர்ட் முழுக்க, மழையிலும், நடந்தேன்.

திரையின் இடது கீழ் மூலை கருகிப்போயிருந்தது,
உள்ளங்கை அகலத்துக்கு.
அந்தக் கறுப்புக்குள் போனவன் பெரும்பாலும் திரும்பி வருவான்.
ஏழாம் கட்டத்தில் ஒருநாள் குபேனுடைய ஆள் வரவில்லை.
"குழி," என்றான், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.
அவ்வளவுதான், சட்டமாகிவிட்டது.
தேஷ்னி குதித்தாள். மேட்டுத் தெருப் பையன்கள் குதித்தார்கள்.
மாதம் ஒருமுறை பூட்டைத் திறந்து
காசு அள்ளிப்போக வருகிற ஆள்கூட
ஒரு ஆட்டம் ஆடி, அந்த இடத்தில் குதித்தான்.
இருட்டில், எண்ணி: ஒன்று, ஒன்றரை, இப்போது.

ராத்திரி எட்டரைக்கு ரெங்கன் அங்கிள் பிளக்கைப் பிடுங்குவார்.
உச்சியில் இருந்த பி-ஆர்-பி,
பிரபாஷினி என்பதில் அது அனுமதித்த மூன்று எழுத்து,
அதோடு செத்துப்போகும்.
காலையில் மறுபடி எவனோ தொழிற்சாலைக்காரன் முதலிடம்.
நான் சாம்பியனாக இருந்தது
பகல் வேளைகளில் மட்டும்.

தொகுப்பில் எல்லாம் இருக்கிறது.
பழைய திரையின் கோடுகளைப் பொய்யாகப் போட ஒரு பொத்தான்.
காலத்தைப் பத்து வினாடி பின்னால் இழுக்க இன்னொன்று.
காசு? தட்டத் தட்ட விழுகிறது,
தொண்ணூற்றொன்பது வரை, கிணுங் சத்தம் உட்பட.
முதல் ஆறு கட்டத்தில் இருபத்திரண்டு தடவை செத்தேன்.
அத்தனையையும் பின்னால் இழுத்துக்கொண்டேன்.
வெட்கமில்லை. என் முழங்காலுக்கு முடிந்தால்
அதற்கும் செய்வேன்.

ஏழாம் கட்டம்.
மூலை வெளிச்சமாக இருந்தது.
குழி இல்லை.
பச்சை ஓடு, பக்கத்தில் இன்னொரு பச்சை ஓடு,
எவரோ வேலை நேரத்தில் வரைந்த நாலு புள்ளிப் பூ.
நடந்தேன். இழுத்தேன். மறுபடி நடந்தேன்.
நேரம் தீர்ந்துதான் அவன் ஆள் செத்திருக்க வேண்டும்,
கறுப்புக்குள் நின்று யோசித்துக்கொண்டே.

படம் பிடித்து பெர்த்துக்கு அனுப்பினேன்.
அங்கே நள்ளிரவு. ஆனாலும் நீலக் குறி விழுந்தது.
"இது வேற மெஷின்."
கொஞ்சம் கழித்து: "நம்மளதுல இருந்துச்சு."
அப்புறம் நெடுநேரம் தட்டிக்கொண்டே இருந்து:
"அன்னைக்குப் போட்டது உன் காசு.
வேற என்ன சொல்லச் சொல்ற?"

பதில் எழுதுவதற்குள் கரண்ட் போனது,
அட்டவணைப்படி.
டிவி கறுத்தது, நாலு மூலையும்.
பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்தது.
தொகுப்பு எதையும் சேமித்திருக்கவில்லை;
நான்தான் சேமிக்கவில்லை.

எட்டரைக்கு வெளிச்சம் வந்ததும்
முதல் கட்டத்திலிருந்து, இழுக்காமல், மூன்றே உயிரில்
ஏழுக்குப் போனேன்.
பூவுக்கு முந்தின ஓட்டில்
கட்டைவிரல் என்னைக் கேட்கவில்லை.
வாளித்தலையன் எழும்பினான்,
ஒன்றுமில்லாததற்கு மேலே, சரியான தூரம்,
இறங்கினான்.

இன்னும் ஒன்பது கட்டம் இருக்கிறதாம்.
ஒன்றையும் நான் பார்த்ததில்லை.