ஒரு கோஸ்

அழுதது: ஆம், இல்லை என்றிருக்கும் கட்டத்தில்
இல்லையைச் சுழித்துவிட்டு
எடை எழுதினேன். இரண்டு கிலோ நூற்று நாற்பது.
நல்ல எடை என்று வாய்வரை வந்ததை
விழுங்கிக்கொண்டேன்.

ஹீட்டர் பக்கத்தில் துண்டை விரித்தேன்.
"இனி எதுக்கு சிஸ்டர் சூடு" என்றாள் ஆயா ரெஜினா.
தொடப்போகிற கை ஒன்று இருக்கிறதே.

காட்டாதீங்க, பார்த்தால் மறக்க மாட்டாள் என்றது
வராந்தாவில் கம்பளி போர்த்தி நின்ற சொந்தம்.
நான் யோகராணியிடம்தான் கேட்டேன்.
ரொம்ப நேரம் கழித்து
"மூக்கு யார் மாதிரி" என்றாள்.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
விரல்களை எண்ணினாள்.
இன்னொரு முறை எண்ணினாள்.

தொட்டில்களின் சத்தம் எட்டாதென்று
கட்டிலைக் கடைசி ஜன்னலுக்குத் தள்ளினோம்.
எட்டியது.

மூன்றாம் நாள் விடியுமுன் பால் கட்டிக்கொண்டது.
அதற்கு யாரும் சேதி சொல்லியிருக்கவில்லை.
நைட்டி நனைந்து, கல்லாய் வலித்து
"இதை என்ன பண்றது" என்று கேட்டாள்
ஏதோ தவறான விலாசத்துக்கு வந்த பார்சல்போல.

திரவியம் வெளியில் நின்றிருந்தார்.
காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவர்.
வெந்நீருக்கென்று வாங்கிய புது ஃபிளாஸ்க்கை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மூன்று நாளாய்க் கையிலேயே வைத்திருப்பவர்.
"அண்ணே, ஒரு கோஸ் வாங்கிட்டு வாங்க."
"சமைக்கவா?"
"இல்ல. இலை பெரிசா பார்த்து."

கோத்தகிரி மண்டியில்
மேட்டுப்பாளையம் லாரிக்கு லோடு ஏறும் நேரம்.
எத்தனை மூட்டை என்றானாம்.
ஒரு கோஸ் என்றாராம்.
சிரித்துவிட்டு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டானாம்.
மூன்று நாளில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது
அவன் ஒருத்தன்தான் சிஸ்டர் என்றார்.
புகார் மாதிரி இல்லை.

மப்ளரில் சுற்றி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
படியேறி வந்தார்.
ஒரு நொடி நான் சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.
வாங்கியபோது என் கை தானாக எடை போட்டது.
எவ்வளவு என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெளி இலைகளில் உறைபனி இன்னும் ஒட்டியிருந்தது.
நடு நரம்பைச் சீவி, உள்ளங்கையால் நசுக்கி
மார்பில் எப்படிப் பொருத்துவதென்று சொல்லி
அவர் கையிலேயே கொடுத்தேன்.
திரையை இழுத்துவிட்டேன்.

உள்ளே கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"ஐயோ, ஜில்லுன்னு" என்றாள் அவள்.
பிறகு அவர் குரல். பிறகு
எது யாருடையதென்று பிரிக்க முடியாத ஒரு சத்தம்.

ரெஜினா இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள்.
கூப்பிடவில்லை.
திரைக்கு வெளியே
டீ ஆடை கட்டும்வரை
பிடித்தபடி நின்றாள்.