பன்னாடை

சோர்லுவில் மீந்த ரொட்டியைக்
குப்பைத் தொட்டிக்குள் போடமாட்டார்கள்.
பையில் கட்டித் தொட்டியின் காதில் மாட்டிவிட்டுப் போவார்கள்.
தரையில் கிடந்தால் எடுத்து
உதட்டில் ஒற்றி, நெற்றியில் ஒற்றி
மதில்மேல் வைப்பார்கள்,
காக்கை தின்னட்டும் என்று.

விடியுமுன் வேன் ஓட்டிவந்து
அந்தப் பைகளைக் கழற்றுகிறாள் நூர்ஹயாத்.
பூசணம் பிடித்தது தனி.
எள் தூவியது தனி.
யாரோ ஒரு கடி கடித்து
கோபித்துக்கொண்டு எழுந்துபோன துண்டு,
அதுவும் சேரும்.

எந்தக் கிழமை ஆறு எந்த நிறம் என்று
பாலத்து டீக்கடை முஸாஃபரைக் கேட்க வேண்டும்.
ஜீன்ஸ் சலவைப் பட்டறைகள் ஓடினால் நீலம்.
நேற்று ஈரல் நிறம்.
சாய ஆலை மாதாமாதம் தரும் அறிக்கை
வடிகட்டின பொய்.
அங்கே வடிகட்டப்பட்டது
அது ஒன்றுதான்.

ரொட்டியை ஊறவைத்து, கரைத்து,
நொதி விட்டு
மாவு இனிப்பாக மாறும்வரை சூடு காத்து
தட்டுகளில் ஊற்றி
கண்ணுக்குத் தெரியாத கூட்டமொன்றை
அதில் குடிவைக்கிறாள்.
பிறகு யாரும் அசைக்கக் கூடாது.
கதவை அறையக் கூடாது.
பக்கத்து அறை எம்ரல்லாஹ் தும்முவதற்கும்
வெளியே போகிறான்.

ஆறாம் நாள், பால் ஆறினாற்போல்
மேலே ஏடு.
ஒன்பதாம் நாள் இரண்டு விரலால் தூக்க
வினிகர் வாடையோடு முழுசாக வருகிறது.
காரத்தில் அலசினால் வெளுக்கிறது.
எழுதுவதும் ஏடுதான்.
இதில் எழுதியிருப்பது
வெறும் துளைகள்,
சாயம் நுழைய முடியாத அளவில்.

முதல் ஏட்டில் ஒரு பழ ஈ விழுந்து செத்திருந்தது.
அது கிடந்த இடம் வழியாக
மொத்த நீலமும் இறங்கிவிட்டது.
இரண்டாவது கிழிந்தது.
மூன்றாவதற்கு நூர்ஹயாத்
ஜன்னலுக்கு வலை அடித்தாள்.

நல்லதை ஒழுகவிட்டுக்
கசடைப் பிடித்து வைத்துக்கொள்பவனைப்
பன்னாடை என்று வைகிற மொழி என்னுடையது.
இந்த மேஜையருகே நின்றபோது
அந்த வசவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
மேலே நீலம் தேங்கித் தேங்கிக் கறுக்க
கீழே சொட்டியது தண்ணீர்.
ஒரு சொட்டு.
நெடுநேரம் கழித்து
இன்னொன்று.

ஷெவ்கெத் பே வந்தார்,
ஆலையின் நீர்ப் பொறுப்பாளர்.
குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
மோந்தார். குடிக்கவில்லை.
"எத்தனை நாள் தாங்கும்?"
"பதினொரு நாள்."
"எங்கள் பிளாஸ்டிக் மூன்று வருஷம்."
அதற்குப் பிறகும் அது இருக்கும் என்று
சொல்ல வாயெடுத்தவள்
சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.
அவர் இரண்டு கட்டி போட்டுக்கொண்டு
விலை கேட்டார்.
விலை இன்னும் போடவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை
நடுவில் கிழிந்து
தரையில் கிடந்தது ஏடு.
குனிந்து எடுத்தாள்.
கை தானாகப் போனது:
உதடு.
நெற்றி.

ரொட்டி என்று கைக்கு எப்படித் தெரிந்ததோ.
எம்ரல்லாஹ் தன் முகத்தைத் தொட்டுக்காட்டிச்
சிரித்த பிறகுதான்
கண்ணாடி பார்த்தாள்,
நீல வாய், நீலப் பொட்டு.

கழுவிக்கொள்ளக் குழாயைத் திறக்கப்போய்
நின்றாள்.
திரும்பி வந்து
மேஜையிலிருந்த குவளையை எடுத்தாள்.