இரண்டு பாகை

பள்ளத்தூர் வீட்டுக்கு ஓடு மாற்ற
ஏழு லட்சத்து இருபதாயிரம்.
பங்குக்காரர்கள் பதின்மூன்று பேர்.
"ஒரே பார்வையில் எல்லாருக்கும் விளங்கணும்,
பை சார்ட் போட்டுடு" என்றார் ஆடிட்டர்.

செக்காலை ரோட்டு மாடியில்
மின்விசிறி பழைய ஃபைல்களைப் புரட்டிக்கொண்டிருக்க
முந்நூற்று அறுபது பாகையை எடுத்துவைத்தேன்.
பாகைக்கு இரண்டாயிரம்.
கணக்கு அழகாக விழுந்தது.

வீடோ நீளம்.
முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு மறுதெருவில்.
அதை வட்டமாக்குவது
தேங்காயைச் சதுரமாக உடைப்பது போல.
ஆனாலும் ஆக்கினேன்.

கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்குமிடத்தில் தொடங்கி
வலமாக:
மூத்தவர் வழியில் ஒரே வாரிசு, ஈப்போவில்.
நூற்றிருபது பாகை, நாவல்பழ நிறம்.
நடுவுள்ளவர் வழியில் இருவர்,
அறுபது, அறுபது.
இளையவருக்குப் பிள்ளைகள் ஐந்து;
அங்கேதான் வட்டம்
முறுக்கு போல நொறுங்கத் தொடங்கியது.
இருபத்துநாலுகள், பிறகு ஆறுகள்,
கடைசியில்
இரண்டு, இரண்டு, இரண்டு.

இரண்டு பாகைக்கு நிறமே ஏறவில்லை.
இந்தப் பக்கக் கோடும் அந்தப் பக்கக் கோடும்
சேர்ந்து தின்றுவிட்டன.
"பொடியையெல்லாம் ஒன்றாக்கி
ஏனையோர்னு போடு. சாம்பல் நிறம் கொடு."
போட்டேன். முறைப்படி அதுதான் சரி.

மறுநாள் ஸ்கூட்டியில் வந்திறங்கினார் உமையாள்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
தாளைக் கிட்டத்தில் பிடித்தார்.
"இதுல நான் எங்கே?"
விரலால் காட்டினேன்.
"இந்தச் சாம்பலா?"
"அதில் மூன்றிலொரு பங்கு, மேடம்."
சிரித்தார்.
"அவர் போனதிலிருந்து கோயில் வரியிலும்
நான் அரைப்புள்ளிதான்."

அரைப்புள்ளி என்றால்
வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று
ஆறாம் வகுப்பில் படித்திருக்கிறேன்.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் நோட்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.
எட்டு ஐந்நூறு.
"ரசீது கொடும்மா."

மாலையில் வசூலுக்கென்று
தனியாக ஒரு வட்டம் போட்டேன்.
மொத்த வரவு நாலாயிரம்.
கொடுத்தவர் ஒருவர்.
திரை முழுக்க ஒரே மாம்பழ மஞ்சள்.
வெட்டிப் பிரிக்க ஏதுமில்லை,
இருந்தும் மென்பொருள் பழக்கதோஷத்தில்
நடுவிலிருந்து உச்சிவரை
ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தது,
வகிடு போல.

ஆடிட்டர் எட்டிப் பார்த்தார்.
"இது என்ன சார்ட்? ஒண்ணுமே இல்லையே."

புதன்கிழமை
ஆறு பாகைக்காரர் சாத்தப்பன்
பன்னிரண்டாயிரம் அனுப்பினார்.
உமையாள் கால்வாசியானார்.
வரவு கூடினால் சந்தோஷப்பட வேண்டும்,
தெரியும்.
பழைய வட்டத்தை அழிக்க மனமில்லாமல்
வேறு பெயரில் சேமித்தேன்:
உமையாள், பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி.

ஈப்போவுக்கு மூன்று மின்னஞ்சல் போயாயிற்று.
பதில் இல்லை.
ஐப்பசி பிறந்துவிட்டது.