ஆறாம் மாடி, மேற்குப் பிரிவு

சம்பளப் பட்டியலின்படி
அன்றிரவு இந்த மாடியில்
ஐந்து செவிலியர்.
நான் எண்ணினேன். மூன்று.
மருந்தறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
மறுபடி எண்ணினேன்.

துலூத் நகரம், பிப்ரவரி.
ஜன்னலுக்குக் கீழே பெரிய ஏரி
கரையோரம் மட்டும் உறைந்திருந்தது.
என் மடியில் அட்டை, பென்சில்,
ஒன்பது வருட ஆய்வு:
நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு
எத்தனை செவிலி மணிநேரம்,
எத்தனை பேர் விழுந்தார்கள்.
இரண்டையும் சேர்த்து இழுத்த கோடு
ஏறக்குறையப் படுத்தே கிடந்தது.
"ஆளைக் குறைத்தும் ஒன்றும் ஆகவில்லையே"
என்று நிதிப்பிரிவுக்காரர்
கூட்டத்தில் காட்டியது
என் படத்தைத்தான்.

ஐந்தில் ஜோலீன் பிரசவ விடுப்பில்.
சம்பளம் போகிறது, ஆகவே இருக்கிறாள்.
ஒருத்தியை நான்காம் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள்,
அவள் மணிநேரம் மட்டும் இங்கேயே தொங்குகிறது
ஆணியில் மறந்த மேல்கோட்டாக.
இன்னொருத்தி பயிற்சி ஒருங்கிணைப்பாளர்,
பகலில், கீழ்த்தளத்தில், கணினி முன்னால்.
மிச்சம் மார்லிஸ், பிரிஜிட்.
மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்த டுவேன்
ஏஜென்சி அனுப்பிய ஆள்.
அவன் கூலி கையுறை, ஊசி, காகிதக் கோப்பையோடு
வேறொரு தலைப்பில் போகிறது.

நள்ளிரவில் தலை எண்ணினார்கள்: இருபத்திரண்டு.
பதினாலாம் கட்டிலில்
மாலையில் ஒருவர் வீடு திரும்பினார்,
ஒன்பதரைக்கு ஒருவரைத் தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்,
பதினொன்றே முக்காலுக்கு ஒருவர் வந்து படுத்தார்.
கணக்கில் ஒருவர்.

எங்கள் தொழிலில் இதற்கொரு சூத்திரம் உண்டு.
எண்ணில் கலந்த பிழை
கோட்டை முறிப்பதில்லை,
தோளைத் தொட்டு
மெல்லப் படுக்க வைக்கிறது.
எழுதியிருக்கிறேன், அடிக்குறிப்பில், சிறிய எழுத்தில்.

மூன்று பத்துக்கு மார்லிஸ் குரல்:
"மிஸ் ஓக்கர்லண்ட், அந்தப் பக்கம் பிடிங்க!"
பதினேழாம் கட்டில். ஓஸ்ட்பி.
நாற்பது வருடம் தாதுக் கப்பலில் இருந்தவர்.
தளத்தில் கயிறு அவிழ்ந்துவிட்டதாம்,
கட்டப் போகிறாராம்,
ஒரு கால் ஏற்கெனவே தரையில்.
பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு
பிடித்தேன்.
எலும்பும் சூடுமாய் ஒரு தோள்,
நினைத்ததைவிடக் கனம்.
கயிறு கட்டியாயிற்று என்றாள் மார்லிஸ்.
படுத்தார்.

விழுந்தவர்கள் என்ற கட்டத்தில்
பூஜ்யம் போட்டேன்.
செவிலியர் என்ற கட்டத்தில்
மூன்று என்று எழுதி, அழித்து,
என் இரண்டு கைகளை எதில் சேர்ப்பது என்று தெரியாமல்
மறுபடி மூன்று எழுதி, அழித்து...
அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிற்று.

ஏழு மணிக்கு மார்லிஸ்
அட்டையைத் தேய்த்துப் பணி முடித்தாள்.
திரும்பி வந்து உட்கார்ந்து
இரவின் குறிப்புகளை எழுத ஆரம்பித்தாள்.
ஏழே முக்காலுக்கு நான் லிஃப்டில் இறங்கும்போதும்
இல்லாத அவள்
எழுதிக்கொண்டிருந்தாள்.