இருபத்துநாலு, நாலு

கணுக்கால் சுளுக்கு. அதனால்
அன்றைக்கு எனக்கு ஓட்டம் இல்லை.
ஸ்டாப்வாட்சையும் நாற்பது பக்க நோட்டையும் கொடுத்து
ஏற்காடு அடிவாரச் செக்போஸ்ட் அருகே
புளியமர நிழலில் உட்கார வைத்தார் கோச்.
பக்கத்தில் இருபது லிட்டர் கேன்.
"முடிச்சவனுக்குத்தான் தண்ணி."
சுளுக்கிய காலை அதன்மேல்
தூக்கி வைத்துக்கொண்டேன், ஜில்லென்று இருந்தது.

முந்தின ஞாயிறு நாமக்கல்காரர்களிடம்
ஐந்து கோல் வாங்கியிருந்தோம்,
அதில் மூன்று கடைசிப் பத்து நிமிடத்தில்.
"ஆட்டம் தெரியாம தோக்கலடா,
மூச்சு இல்லாம தோத்தீங்க."
லூர்துநாதன் சார் கத்தவில்லை.
கத்தியிருந்தால் தேவலை.

மே மாதம். பத்தரை மணி.
தூரத்தில் வெள்ளைக்கல் கரடு
சேலத்து வெயிலையெல்லாம் வாங்கி
எங்கள்மேலேயே திருப்பி ஊற்றியது.
மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தொட்டுத் திரும்பணும்,
இருபத்துநாலு நிமிடத்தில்.
தாண்டினால் மறுபடி.

பதினாறு பேர் ஏறினார்கள்.
கடந்துபோன பஸ்ஸின் ஜன்னலில்
வாந்தியெடுத்துக்கொண்டே ஒரு குழந்தை
அவர்களுக்கு டாட்டா காட்டியது.

முதலில் இறங்கியவன் சேர்வராயன்.
"எங்கூட்டுக்குப் போற வழிதானேடா" என்று
புல்லில் விழுந்து சிரித்தான்.
காலை எடுத்துக் கேனைச் சாய்த்தேன்.

மாதேஷ் எங்கள் ஸ்டாப்பர்.
மேச்சேரிக்காரன், எண்பத்தாறு கிலோ.
அவனைத் தாண்டி வந்த பந்துக்குத்தான்
கோல்கீப்பர் தேவை.
செக்போஸ்ட் கம்பியை அவன் தொட்டபோது
பொத்தானை அமுக்கினேன்.
24:04.
குண்டு குண்டாக எழுதினேன். சத்தமாகவும் வாசித்தேன்:
"மாதேஷ், இருபத்துநாலு, நாலு."
கோச் ஒன்றும் சொல்லாமல்
மலையைக் காட்டினார்.

நாலு விநாடி.
ஷூ லேஸை இழுத்து முடிகிற நேரம்.
என் கட்டைவிரலுக்கு
ஒரு தும்மல் வந்திருக்கலாம்.

இரண்டாம் முறை நடந்துதான் வந்தான்.
உதட்டோரம் வெள்ளை பூத்திருந்தது.
அவன் கேனைப் பார்த்தான்.
நான் கோச்சைப் பார்த்தேன்.
கோச் வாட்சைப் பார்த்தார்.
வாட்ச் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை
முதல் வளைவைக்கூட எட்டவில்லை.
சுற்றி நின்ற குரங்குகளை விரட்டி
சேர்வராயன்தான் மடியில் தூக்கிக்கொண்டான்.
"ஆஃப்சைடு சார், ஆஃப்சைடு" என்று
மரங்களிடம் முறையிட்டுக்கொண்டிருந்தானாம்.
தோல் சுட்டது, வியர்வையே இல்லை.
நோட்டில் அவன் பெயருக்கு நேரே
ஒரு சின்னக் கோடு போட்டேன்.

பெரியாஸ்பத்திரியில்
கருப்பட்டிக் காப்பி நிறத்தில் மூத்திரம் போனான்.
"சதை உடைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு,
கிட்னி அதை வடிகட்ட முடியாம நிக்குது."
எங்களைவிட இரண்டு வயது மூத்த பயிற்சி டாக்டரம்மா.
"எப்ப தண்ணி குடிச்சார்?"
வராந்தாவில் கோச் உட்கார்ந்திருந்தார்,
மடியில் மூன்று இளநீர்.
வெட்ட யாரிடமும் கத்தி இல்லை.

பிரின்சிபால் அறையில் விசாரணை.
நோட்டைப் புரட்டினார்கள்:
பெயர், சுற்று, நேரம்.
தண்ணீருக்குக் கட்டம் போட்டிருக்கவில்லை.
"நேர்த்தியா எழுதியிருக்கே தம்பி" என்றார் ஒருவர்.
பாராட்டத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இப்போது மைதானத்தில் வெப்பமானி தொங்குகிறது.
கால் மணிக்கு ஒருமுறை விசில், தண்ணீர்.
வேறு கோச்.

ஆறு டயாலிசிஸ் முடிந்த ஒரு சாயங்காலம்
மாதேஷ் கேட்டான்:
"மொத ரவுண்டு என் டைம் எவ்வளவுடா?
ரெண்டாவது வளைவுல
கல்லு லாரிக்கு ஒதுங்கி நின்னேன்."

"இருபத்துமூணு, ஐம்பத்தெட்டு" என்றேன்.

ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்
வெகுநேரம்.

"அப்புறம் எதுக்குடா
மறுபடி ஓடினேன்?"