நாலு ஐம்பது

அஞ்சலிதேவியின் மைவி
ஒன்பது நாளாக விடியலுக்கு முன் அலறுகிறது.
திருடன் இல்லை. பூனை இல்லை.
கதவு நாலும் பூட்டியது பூட்டியபடி.
எதிர்வீட்டு லிங்கம் ஜன்னலைத் திறந்து
அவள் ஏழு தலைமுறையையும் விசாரித்து முடித்துவிட்டார்.

"அண்ணே, நீங்க மாட்டுன கேமராதான்" என்றாள்.
சாவியை எறியவில்லை, வைத்தாள்.
கோபம் எவ்வளவு என்று அதில் தெரிந்தது.

கேமரா நான் மாட்டியதுதான்.
அலாரம் எனக்கு முன்னால் எவனோ,
சிகாமட்டிலோ சிரம்பானிலோ.
மூன்று கை மாறிய வண்டியில் மூன்று பேர் ஒயரிங்:
டாஷ்போர்டைக் கழற்றினால்
கறுப்பு டேப்புக்குள் கறுப்பு டேப்,
மஞ்சளில் தொடங்கி ஊதாவில் முடியும் ஒரு பொய்.

மீட்டரை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
அசையவில்லை.
கேமரா முன்னால் கையை ஆட்டினேன்.
சின்ன நீல விளக்கு விழித்தது,
கடைசி எண் ஒன்று இறங்கியது,
அவ்வளவுதான்,
பாகாவ் முழுக்க என் காதுக்குள் அலறியது.

பழைய ரகம். கதவைப் பார்க்கத் தெரியாது அதற்கு.
கரண்டு ஒரு சொட்டு குறைந்தால்
கூரை விளக்கு எரிகிறது,
ஆகவே கதவு திறந்துவிட்டது,
ஆகவே கள்ளன்.
இப்படி யோசிக்கிற ஆட்களை
எனக்குக் குடும்பத்திலேயே தெரியும்.

சொன்னேன். சிரித்துவிட்டாள்.
செம்பனை ஆலையில் எடைமேடை அவள் பொறுப்பு.
"எங்க மேடையும் அப்படித்தாண்ணே,
லோரிக்காரன் எட்டி எச்சில் துப்பினாலும் நம்பர் மாறும்."

"எத்தன மணிக்கு அலறுது?"
"நாலு அம்பது. தெனமும்."
"நாலு அம்பதுக்கு உங்க தெருவுல என்னம்மா வருது?"

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

குலை ஏற்றிய முதல் லோரி.
மேட்டில் திரும்பும்போது அதன் வெளிச்சம்
மைவியின் கண்ணாடியில் விழும்.
கேமரா விழிக்கும், வோல்ட் குனியும்,
அலாரம் அலறும், லிங்கம் ஜன்னலைத் திறப்பார்.
அதே லோரியை ஆறரைக்கு
இவளே மேடையில் நிறுத்தி
கொட்டாவியோடு ரசீது கிழிக்கிறாள்.

வோல்ட்டை மோப்பம் பிடிக்கிற ஜம்பரைப் பிடுங்கினேன்.
நாலு கதவுப் பொத்தானுக்கும் தனித்தனி ஒயர்,
ஒவ்வொன்றிலும் ஒரு டையோடு,
ஒரு கதவின் சேதி அடுத்த கதவுக்குப் போகாதபடி.
(லிங்கம் வீட்டு வாசலிலும் ஒன்று வைத்திருக்கலாம்.)
கேமராவுக்குத் தனி ஃபியூஸ்.
எர்த்தைத் துருவில் கட்டாமல்
பெயின்ட்டைச் சுரண்டி
பளபளக்கும் இரும்பில் முறுக்கினேன்.
ஒயருக்கும் டையோடுக்கும் முப்பத்தைந்து வெள்ளி.
கூலி வாங்கவில்லை, கேமரா என் பாவம்.

மறுநாள் தெரு தூங்கியது.

மறுநாள் சந்தி முனையில்
காக் நோர்மாவின் நாசி லெமாக் கடை
ஏழு மணிக்கும் திறக்கவில்லை.
லோரிக்காரர்கள் வெறும் வயிற்றோடு மேடை ஏறினார்கள்.
வாழையிலைப் பொட்டலம் இல்லாமல்
எனக்கும் ஸ்குரூடிரைவர் நிற்கவில்லை கையில்.

பத்து மணிக்கு அவரே வந்தார், என் கடைக்கு,
ஓரம் உடைந்த போனோடு.
மைவி அழும்போது எழுந்துதான்
இத்தனை நாளும் தேங்காய்ப்பால் பிழிந்தாராம்.
அதை நம்பி
கடிகாரத்து பேட்டரியைக் கழற்றி
டிவி ரிமோட்டுக்குப் போட்டுவிட்டாராம்.

"அலாரம் வைக்கத் தெரியுமா?" என்றார் மலாயில்.
திரும்பி என் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டேன்.
பதினோரு வருடமாக
அதில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

நாலு ஐம்பது என்று அழுத்தினேன்.
என்ன சத்தம் வேண்டும், மணியா, பறவையா என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"அந்த மைவி மாதிரி இருக்கா?"